உப்புத் தொட்டியும் நான் விட்டுவிட்ட நான்கு வரிகளும்

சவர்க்கார மணத்தோடு வீடு வந்து சேரும் என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். நல்ல தமிழ் என்று எல்லாரும் சொன்னார்கள். அதில் இல்லாத ஒன்று இருக்கிறது. அப்போது அது எனக்கே தெரியாது. இப்போது தெரியும் என்பதால், ஆண்டுத் திவசத்து மலருக்கு இந்தக் கடிதத்தைக் கொடுக்கிறேன். சொந்தக்காரர்கள் வாசிப்பார்கள். வாசிக்கட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. உங்கள் தண்ணி மெசின் பழுதாகிவிட்டது.

அது எப்படி நம் வீட்டுக்கு வந்தது என்று இதை வாசிப்பவர்களுக்கும் சொல்லவேண்டும். பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் நீங்கள் வேலை செய்தீர்கள். அங்கே புது மெசின் வாங்கியபோது பழையதை உங்களிடம் கொடுத்துவிட்டார்கள். ஆளுயரத்தில் ஒரு உருளை, அதன் பக்கத்தில் இடுப்பளவு உப்புத் தொட்டி. லொறியில் கொண்டுவந்து நாவற்குடாவில் நம் கிணற்றடியில், தகரத்தின் கீழ் நிறுத்தினீர்கள். நம் கிணற்றுத் தண்ணீர் வன்னீர். சவர்க்காரம் நுரைக்காது. கேத்தலின் அடியில் வெள்ளை ஓடு பிடிக்கும். பருப்பு அவிய ஒரு மணித்தியாலம் எடுக்கும். இந்த மெசின் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு உப்புத் தண்ணீரால் தன்னைத் தானே கழுவிக்கொள்ளும்.

அதோடு ஒரு சின்னப் புத்தகமும் வந்தது. முழுக்க ஆங்கிலம். உங்களுக்கு ஆங்கிலம் பேச வரும், வாசிக்க வராது. எனக்குப் பதின்மூன்று வயது. ஆங்கிலத் தினப் போட்டியில் பரிசு எடுத்த பெருமை அப்போது இன்னும் போகவில்லை. குசினி வாசற்படியில் என்னை இருத்தி, "டீச்சர், வாசியுங்க பாப்பம்" என்றீர்கள். நான் ஒவ்வொரு பக்கமாக வாசித்துத் தமிழில் சொன்னேன். நீங்கள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டீர்கள். பிறகு ஒழுங்கையில் போகிற வருகிறவர்களிடமெல்லாம், "எங்கட மகள் இருக்கக்கொள்ள எனக்கென்னத்துக்கு மெக்கானிக்" என்று சொல்லித் திரிந்தீர்கள்.

முதலில் குளியலறைக்கு மட்டும்தான் அந்தத் தண்ணீர் வந்தது. தேநீரில் ஆடை படிகிறது, குசினிக்கும் எடுங்கள் என்று கேட்டது நான்தான். ஒரு கிழமைக்குள் பைப் போட்டுத் தந்தீர்கள். பருப்பு இருபது நிமிடத்தில் அவிந்தது. "என்னப்பா இது, அகப்பை போட முதல் கரைஞ்சி போகுது" என்று அம்மா சிரித்தார். நீங்கள் அந்தத் தண்ணீரை ஒரு பெரிய போத்தலில் நிரப்பி வேலைக்கும் கொண்டுபோனீர்கள். வேறு எங்கே தண்ணீர் குடித்தாலும் தொண்டையில் பிடிக்கிறது என்பீர்கள்.

பிறகு உங்களுக்குப் பிரஷர் வந்தது, கால் வீங்கியது. கிளினிக்கில் உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். அம்மா உங்களுக்குத் தனிச் சட்டியில் உப்பில்லாமல் சமைத்தார். "இந்தக் கறிதான் என்னைவிடச் சுகமில்லாமக் கிடக்கு, இதையும் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்க" என்று நீங்கள் சொல்லும்போது நாங்கள் சிரித்தோம். உப்பில்லாத கறியைச் சாப்பிட்டுவிட்டு, குசினிக் குழாயைத் திறந்து இரண்டு செம்புத் தண்ணீர் குடிப்பீர்கள். மார்கழி மழையில் ஒருநாள் விடியற்காலை, ஆஸ்பத்திரியில் உங்கள் இதயம் நின்றுபோனது.

உப்புத் தொட்டியை நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் கிழமைதான் நிரப்பியிருந்தீர்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அம்மா அதன் மூடியைத் திறந்து பார்ப்பார். உப்பு அப்படியே விளிம்பு வரை இருக்கும். "பாத்தியா மகள், அப்பா கொட்டின உப்பு இன்னும் முடியல்ல" என்பார். மாதங்கள் போயின, உப்பு குறையவே இல்லை. ஆயுத பூசைக்கு அந்தத் தொட்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்தார். என் வெள்ளைச் சீருடை பழுப்பு நிறமாகியிருந்தது. கேத்தலில் ஓடு திரும்பவும் பிடித்திருந்தது. பருப்பும் அவியத் தாமதமானது. நான் இதையெல்லாம் பார்த்தேன். மூடியைத் திறக்கும்போது அம்மாவின் முகம் இருக்கும் விதத்தையும் பார்த்தேன். அதனால் ஒன்றும் சொல்லவில்லை.

ஐப்பசி பிறந்ததும் குளியலறைக் குழாய் அடைத்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் ஏறாவூரிலிருந்து நஸீர் நானாவைக் கூப்பிட்டோம். ஹோட்டலில் உங்களோடு இந்த மெசினைப் பழுது பார்த்தவர். வந்தவர் உப்புத் தொட்டியைத் திறந்து ஒரு கணம் பார்த்தார். பிறகு மண்வெட்டியின் பிடியால் நடுவில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். மேலே இருந்த உப்பு முழுதும் உடைந்து பொலபொலவென்று கீழே விழுந்தது. தொட்டி பாதிக்கு மேல் வெறுமையாக இருந்தது.

"உள்ளுக்க ஒண்டுமில்லக்கா" என்றார். "வாவிக்காத்து ஈரத்துக்கு உப்பு இறுகி, கூரை மாதிரி நிண்டிருக்கு. கீழ இருக்கிற தண்ணியில படவே இல்ல. நீங்க மாசக்கணக்கா வெறுங்கிணத்துத் தண்ணியத்தான் பாவிச்சிருக்கீங்க."

அம்மா உடைந்த உப்பில் ஒரு கட்டியைக் கையில் எடுத்தார். அதை உள்ளே கொண்டுபோய் உங்கள் படத்தின் முன்னால் வைத்தார்.

நஸீர் நானா உருளையையும் தட்டிப் பார்த்தார். "இதுட தலை இன்னும் பத்து வருசம் ஓடும் புள்ள, வயிறுதான் போச்சு. உள்ளுக்கிருக்கிற மணியெல்லாம் மாத்தோணும்." சுண்ணாம்பைப் பிடிக்கிற சின்னச் சின்னப் பிசின் மணிகளைத்தான் சொன்னார். பிறகு அவருடைய கண் குசினிக்குப் போகிற பைப்பில் நின்றது. "இதென்ன, குடிக்கவும் இதையா எடுக்கிற?"

"ஓம், ஏன்?"

"இது சுண்ணாம்ப எடுத்துட்டு உப்புட சத்தைத்தானே தண்ணிக்கு விடுற. குளிக்க, உடுப்புக் கழுவ நல்லம். பிரஷர் ஆக்கள் குடிக்கக் கூடா. அப்பாக்குத் தெரிஞ்சிருக்குமே. அந்தப் புத்தகத்தில போட்டிருக்கே."

நான் "ஓம்" என்றேன்.

அவர் போன பிறகு புத்தகத்தைத் தேடி எடுத்தேன், அப்பா. எட்டாம் பக்கத்தில், கட்டம் போட்டு, சின்ன எழுத்தில் நான்கு வரிகள். பார்த்த உடனே அந்த வாசற்படியும் அந்தப் பின்னேரமும் திரும்பி வந்தன. நீங்கள் அந்தக் கட்டத்தில் விரலை வைத்து, "இதில என்ன கிடக்கு?" என்று கேட்டீர்கள். அதில் இருந்த சொற்கள் எனக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "அது வழமையான எச்சரிக்கைதான் அப்பா, சின்னப் பிள்ளையள் தொடக்கூடாதாம்" என்றேன். நீங்கள் விரலை எடுத்துவிட்டு, "அப்ப அடுத்த பக்கம் போவம் டீச்சர்" என்றீர்கள்.

இப்போது அந்தச் சொற்களெல்லாம் எனக்குத் தெரியும். உணவில் உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள், இந்தத் தண்ணீரைக் குடிக்கும் முன் வைத்தியரிடம் கேட்க வேண்டுமாம். அவ்வளவுதான் எழுதியிருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ஆசிரியையிடம், யாருக்கோ நடந்தது போலக் கேட்டேன். ஒரு போத்தல் தண்ணீரில் இருப்பது கொஞ்சம்தான் என்றார். அதனால்தான் ஒருவர் இறந்தார் என்று யாரும் சொல்ல முடியாது, அதற்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார். நீங்கள் எத்தனை போத்தல் குடித்தீர்கள், அப்பா? நான் வாசித்துச் சொல்லியிருந்தால் குடிக்காமல் விட்டிருப்பீர்களா? வைத்தியரிடம் கேட்டிருப்பீர்களா?

இதை எனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்திருப்பேன். ஆனால் உங்களுக்குத் தெரியாத இன்னொரு செய்தி இருக்கிறது. சித்திரையிலிருந்து அம்மாவும் பிரஷருக்கு மாத்திரை எடுக்கிறார். நஸீர் நானா புது மணிகளைப் போட்டு மெசினைச் சரிசெய்துவிட்டால், உங்கள் குழாயில் அதே தண்ணீர் திரும்பவும் வரும். அம்மா செம்பு செம்பாகக் குடிப்பார். நீங்கள் போட்ட பைப் என்பதற்காகவே குடிப்பார்.

அடுத்த நாள், குசினிப் பைப்பை மட்டும் வெட்டி நேரே கிணற்றிலிருந்து எடுப்போம் என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன்.

"அவர் போட்ட பைப்பில ஒருத்தரும் கை வைக்க வேணா."

"மெசின் தண்ணி பிரஷருக்குக் கூடாதாம்மா."

"ஆர் சொன்ன? அப்பா குடிச்ச தண்ணிதானே அது."

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது அவருக்கே கேட்டது போலிருந்தது. கையில் இருந்த சுளகைக் கீழே வைத்தார். நான் எட்டாம் பக்கத்தைத் திறந்து காட்டினேன். அன்றைக்கு உங்களிடம் நான் சொன்னதையும் சொன்னேன். அழுதேனா என்று நினைவில்லை.

அம்மா அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "உனக்கு அப்ப எத்தின வயசு?"

"பதின்மூண்டு."

"நான் அவருக்குக் கறியில ஒரு கல்லு உப்புப் போடல்ல மகள். போத்தல நிரப்பிக் குடுத்த நான்தானே. ஒவ்வொரு நாளும்."

என் தவறை அவர் மன்னித்தாரா, அல்லது தன் தவறோடு சேர்த்து வைத்துக்கொண்டாரா என்று எனக்குத் தெரியாது. உங்கள் படத்தின் முன்னால் அவர் வைத்திருந்த உப்புக்கட்டி, மழைக்காற்றில் கசிந்து கசிந்து நாலாம் நாள் வெறும் ஈரமாக இருந்தது. அம்மா அதைத் துணியால் துடைத்துவிட்டு, "நஸீர் நானாவ வரச் சொல்லு, பைப்ப வெட்டட்டும்" என்றார்.

சனிக்கிழமை அவர் வந்து மணிகளை மாற்றினார். குசினிப் பைப்பைப் பிரித்துக் கிணற்றோடு இணைத்தார். அன்றைக்குப் பின்னேரம் அம்மா பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"அந்தப் புத்தகத்தக் கொண்டு வா. முதல் பக்கத்திலயிருந்து வாசி. ஒண்டையும் விடாத."

அதே வாசற்படியில் இருந்து வாசித்தேன். விளங்காத இடத்தில், "இது எனக்கு விளங்கல்லம்மா" என்று சொல்லி எழுந்து போய் அகராதியை எடுத்துவந்தேன். எட்டாம் பக்கம் வந்தபோது அம்மா அகப்பையை நிறுத்திவிட்டுக் கேட்டார். "திரும்ப வாசி" என்றார். வாசித்தேன். "சரி. மறுகா?" என்றார். ஒன்பதாம் பக்கத்துக்குப் போனேன். உத்தரவாதம், திருகாணி அளவு, செய்தவர்களின் விலாசம் எல்லாவற்றையும் வாசித்து முடித்தேன். பருப்பு இன்னும் முழுசாகத்தான் இருந்தது. அதையே இறக்கிச் சோற்றில் போட்டு, மென்று மென்று சாப்பிட்டோம்.

அப்பா, மாதத்தில் முதல் ஞாயிறு உப்புத் தொட்டியைத் திறந்து, மண்வெட்டிப் பிடியால் அடிவரை குத்திப் பார்ப்பேன். மேலால் பார்த்துவிட்டு மூடமாட்டேன். அம்மாவின் மாத்திரைப் பெட்டிக்குள் மடித்துக் கிடக்கும் மெல்லிய கடதாசியை விரித்து இரண்டு பக்கமும் வாசித்துவிட்டேன். பதினொரு சொற்கள் விளங்கவில்லை. கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த கிளினிக்குக்கு அம்மாவோடு நானும் போவேன். எத்தனை பேர் பின்னால் வரிசையில் நின்றாலும், பதினொன்றையும் கேட்காமல் எழும்பமாட்டேன்.

உங்கள் மகள்,
நீங்கள் டீச்சர் என்று கூப்பிட்டவள்.