குளத்தூர் வழியாகத்தான் போறோம்

கன்னியாகுமரியில் இருக்கும் தண்ணீர்ப் பூங்காவுக்குப் போகலாம் என்று பிள்ளைகளிடம் சொன்னவன் பாலகணேஷ்தான். வழியில் குளத்தூரில் இறங்கி, ஆபரேசன் முடிந்து படுத்திருக்கும் அவன் அண்ணனைப் பார்க்கலாம் என்று மனைவி பொன்மணி சொன்னதும் அவன் முகம் மாறிவிட்டது. அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லை.

"அங்கன போறதுன்னா நான் வண்டி எடுக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, விடிந்ததும் கடைக்குக் கிளம்பிப் போய்விட்டான்.

பொன்மணி பிள்ளைகளை வேனில் ஏற்றிவிட்டு, காலண்டர் தாளைக் கிழித்து எழுதினாள்:

"நீங்க ஓட்டலன்னா பயணம் நின்னுரும்னு நெனச்சீங்க. நானும் லைசென்ஸ் வச்சிருக்கேன். ஆம்னி வேன எடுத்துட்டுப் போறேன். முதல்ல குளத்தூர், ராத்திரி திருச்செந்தூர்ல என் தங்கச்சி வீடு, நாளைக்குத் தண்ணீர்ப் பூங்கா. மழை பெஞ்சாலும் பயப்படாதீங்க, கரிசல் பாதையில எறங்க மாட்டேன், தார் ரோட்டுலதான் போவேன். புளிக்குழம்பு அடுப்பு மேல இருக்கு, சோறு மட்டும் வச்சுக்கோங்க. கேஸ்காரர் வருவாரு, காலி சிலிண்டர எடுத்துக் குடுங்க. உங்க ரெண்டு பேரு சண்டை உங்களோட இருக்கட்டும். பிள்ளையளுக்குப் பெரியப்பா வேணும். - பொன்மணி"

வண்டியைக் கிளப்பியவள், அணைத்துவிட்டு மறுபடி உள்ளே வந்தாள். தாளின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்:

"நேத்து குளத்தூருக்குப் போன் பண்ணேன். 'அவன் வருதானா'ன்னுதான் உங்கண்ணன் மொதல்ல கேட்டாவ. சாயங்காலம் வரைக்கும் அங்கனதான் இருப்போம். பஸ் பிடிச்சு வாங்க. முன் சீட்டுல பிள்ளையள உக்காரவிடல, காலியாத்தான் இருக்கு."