என்னை என் பாட்டுக்கு விட்டார்கள்

என் நிரந்தர எதிர்க்கட்சித் தலைவிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

அரசாங்கம் ஆளை அவனவன் பாட்டுக்கு விட வேண்டும் என்பது என் கட்சி. எல்லாரையும் அரசாங்கம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது இங்கே என்னோடு ஒரே அறையில் இருந்த வெல்டரின் கட்சி. எதிராளி சொன்னதை, அவரே தலையாட்டும்படி திருப்பிச் சொன்ன பிறகுதான் மறுக்கலாம் என்று எங்களுக்குள் ஒப்பந்தம். போன வாரம் என் கட்சியை என்னைவிட அழகாகச் சொல்லிவிட்டு, "சரியாண்ணே? இப்ப மறுக்கட்டுமா?" என்றார். எனக்கே கைதட்டத் தோன்றியது.

நேற்று அவரை வேறு வேலையிடத்துக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது என்னை முழுசாக என் பாட்டுக்கு விட்டிருக்கிறார்கள். இரண்டு கட்சியையும் நானே பேசி, நானே தோற்கிறேன்.

மூக்குக்கண்ணாடிக்குக் கயிறு ஒன்று அனுப்பு. பதிலில் 'நீங்க சொன்னா சரி' என்று மட்டும் எழுதிவிடாதே. நாலு வரியாவது எதிர்த்து எழுது. வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது.

தோற்கத் தயாராக,
உன் வீட்டுக்காரன்