பனிமலைப் படத்தின் மூலை

தம்பிக்கு,

கோணல்மாணலான எழுத்தைப் பொறுத்துக்கொள். இந்த ஒரு பக்கத்துக்கு மூன்று நாள் ஆயிற்று. எழுபத்திரண்டு வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன், சந்தோஷம் தாங்கவில்லை!

போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான் வரைந்த பனிமலை அங்கே கூடத்தில்தான் மாட்டியிருக்கிறது. அதன் எதிரே உட்கார்ந்தால் அழுகிறவர்கள்கூட அடங்கிவிடுகிறார்கள்.

"இதப் பாத்தா சாமி முன்னால நிக்கிற மாதிரி இருக்கு தாத்தா," என்றாள் நர்ஸ்.

"நான் வரஞ்சதும்மா! மூலையில என் பேரு இருக்கு, படிக்கிறேன் பாரு." எழுத்துக் கூட்டிப் படித்தேன். உன் பெயர் வந்தது.

"கண்ணாடியத் தொடச்சிட்டுப் படிங்க," என்று சிரித்தாள். துடைத்துவிட்டும் படித்தேன்.

ஒவ்வொரு படம் முடிந்ததும், "உன் பேரத்தான் போடுறேண்ணே," என்று தூரிகையை வாங்கிக்கொள்வாய். நாற்பது வருடம் பெருமையாகத் தலையாட்டினேன்.

இன்னும் எத்தனையோ படங்கள் இருக்கின்றன. அவற்றையும் படித்துவிட்டு அடுத்த வாரம் எழுதுகிறேன்.

உன் அண்ணன்