சம்பந்திக்குத் தைத்த அங்கி

ஜனவரி 16

பள்ளிக்கூட நடனக் குழுவின் பாவாடைகள் குவிந்து கிடக்கின்றன. ஒன்றுக்குக்கூட விளிம்பு அடிக்கவில்லை. மதியம் ஆஸ்பத்திரி. மகன் குவானிஷுக்கு இடுப்பில் இரண்டாவது ஆபரேஷன் முடிந்து இன்றுதான் சாய்த்து உட்கார வைத்தார்கள். முன்பற்கள் போனதால் பேச்சு காற்றாக வருகிறது. "அம்மா" மட்டும் சுத்தமாக வருகிறது, அதற்குப் பல் வேண்டியதில்லை.

சம்பந்தி ஜுமகலி வந்திருந்தார். குதிரைக்கறி, ஒரு பை ஆப்பிள், வாய் நிறையச் சிரிப்பு. மருமகளைப் பெற்றவர் என்பதால் எழுந்து நாற்காலி கொடுத்தேன். டாக்டருக்கு விபத்தை அவர்தான் விளக்கினார், பக்கத்தில் நின்று பார்த்தவர் மாதிரி.

"பையன் மேல தப்பில்ல டாக்டர். சாப்பாடு டெலிவரிக்குப் போனவன், இறக்கத்துல பிரேக் புடிச்சிருக்கான். குளிருக்கு ஹேண்டில்ல ஒரு உறை மாட்டுவோமில்ல, அது ஆக்சிலேட்டர்ல சிக்கிக்கிச்சு. பிரேக்கு ஒரு பக்கம் இழுக்க, மோட்டார் ஒரு பக்கம் தள்ள... கீழ பனிக்கட்டி வேற."

"பிரேக் புடிச்சா மோட்டார் தானா நின்னுடணுமே? என் பையன் எலெக்ட்ரிக் பைக்ல நிக்குதே" என்றார் டாக்டர்.

"அந்த சுவிட்சை நான்தான் எடுத்துட்டேன். என் ரிப்பேர் கடைக்கு வர்ற எல்லா வண்டியிலயும் எடுத்துடுவேன். நம்ம அல்மாத்தி ஊரு மேட்டுக்கு அது தொல்லை டாக்டர்."

தொல்லை! என் மகன் படுத்திருக்கும் கட்டிலில் கையை ஊன்றிக்கொண்டு சொல்கிறார்.

ஜனவரி 17

எடுத்துட்டேன். எடுத்துட்டேன். அதைச் சொல்லிவிட்டு அதே வாயோடு உட்கார்ந்து ஆப்பிள் நறுக்குகிறார் மனுஷன்.

ஜனவரி 24

மருமகள் பல்ஜான் நிறைமாதத்தை நெருங்குகிறாள். அவளிடம் கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். கேட்டுவிட்டேன். இரண்டு பிரேக் பிடியிலும் ஒரு மெல்லிய ஒயர் இருக்குமாம். பிடித்த நொடியில் மோட்டாருக்குக் கரண்ட் நின்றுவிடுமாம். அவ்வளவுதான் விஷயம். சட்டைப் பித்தானை விடச் சின்னது.

"அப்பா வேணும்னு செய்யல அத்தை."

"வேணும்னு செஞ்சிருந்தா போலீசுக்குப் போயிருப்பேன்டி. வேணும்னு செய்யாதவங்களை என்ன செய்யிறதுன்னுதான் தெரியல."

அழுதாள். நான் தேற்றவில்லை. மாப்பிள்ளை உறவு நூறு வருஷம், சம்பந்தி உறவு ஆயிரம் வருஷம் என்பார்கள் எங்களில். ஆயிரம் வருஷம் இந்த ஆளுக்கு நான் டீ ஊற்ற வேண்டும்.

பிப்ரவரி 6

அவர் கடைக்கே போனேன். கிழிந்த சீட்டுக்கு உறை தைக்க அளவெடுக்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டேன். தாங்கியில் ஒரு வண்டி நின்றது. பின்சக்கரத்தைச் சுழல விட்டு, பிரேக்கைப் பிடித்துக் காட்டினார். சக்கரம் முனகிக்கொண்டே நின்றது.

"பாத்தீங்களா சம்பந்தியம்மா? நல்ல பிரேக்கு இருந்தா மோட்டார் என்ன, குதிரையே நிக்கும்."

"பனியில?"

"பனியில மனுஷனே நிக்க மாட்டான்." சிரிப்பு. "மேட்டுல சிக்னல்ல நிக்கிறான்னு வைங்க. பிரேக்க விட்டா வண்டி பின்னால உருளும். பிரேக்க புடிச்சுக்கிட்டே ஆக்சிலேட்டரத் திருப்பினாத்தான் முன்னால ஏறும். சுவிட்ச் இருந்தா எப்படித் திருப்புறது? அந்த சுவிட்ச் சமவெளிக்காரன் கண்டுபிடிச்சது. மலையடிவாரத்துல பொறந்தவனுக்கு எதுக்கு?"

கடையில் இருந்த டெலிவரி ஆட்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் சிரித்துவைத்தேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும். வரட்டும். வர வைக்கிறேன்.

பிப்ரவரி 21

குவானிஷ் ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்துவிட்டான். சாப்பிடும்போது தட்டைப் பார்த்தே சொன்னான்: "நான்தாம்மா மாமாகிட்ட அந்த ஒயரை வெட்டச் சொன்னேன். எல்லாரும் வெட்டியிருந்தாங்க, நான் மட்டும் டெலிவரிக்கு லேட்டாயிட்டிருந்தேன்."

இதைச் சொன்னால் என் கோபம் ஆறிவிடும் என்று நினைத்தான் போலிருக்கிறது. ஏன்டா, நீ நாலு வயசில் என் கத்தரிக்கோலைக் கேட்டு உருண்டு புரண்டு அழுதாயே, கொடுத்தேனா? கேட்டால் கொடுத்துவிடுவதா? கேட்கிறவன் சின்னவன். கொடுக்கிறவருக்குத் தலை நரைத்திருக்கிறதே.

மார்ச் 12

பேத்தி பிறந்தாள். சம்பந்தி போனில் குழந்தை மாதிரி அழுதார். நானும் அழுதேன். அந்த ஆளோடு சேர்ந்து அழ வேண்டியதாயிற்றே என்று போனை வைத்த பிறகு எரிச்சல் வந்தது.

மார்ச் 27

இன்று என்ன செய்தார் தெரியுமா? நசுங்கிப்போன குவானிஷின் வண்டியை நிமிர்த்தி, பெயிண்ட் அடித்து, வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். "புதுசு மாதிரி" என்றார். குனிந்து பார்த்தேன். பிரேக் பிடியின் மெல்லிய ஒயர்கள் வெட்டினது வெட்டினபடியே தொங்குகின்றன.

தெரிந்துகொள்ளவே இல்லை. என் மகனின் இடுப்பெலும்பு உடைந்தும் இந்த மனுஷன் ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை.

வண்டியைக் கொட்டகையில் வைத்துப் பூட்டினேன். யாரையும் தொட விடவில்லை. எனக்கு வேண்டும் அது.

ஏப்ரல் 2

தொட்டில் விழாவுக்கு நாள் குறித்தாயிற்று. தொட்டில் அவர்கள் கொண்டுவருவார்கள். சம்பந்திக்கு நாங்கள் அங்கி போர்த்த வேண்டும். அங்கியை நானே தைக்கிறேன் என்று சொன்னேன். "உங்க கையால தச்ச அங்கியா!" என்று சம்பந்தியம்மா ரௌஷான் போனிலேயே உருகிவிட்டாள்.

சம்பந்தி ஆண்களைக் கேலி செய்ய எங்கள் பெண்களுக்கு முழு உரிமை உண்டு. முகத்தில் மாவு பூசலாம், அங்கியை விரிப்போடு சேர்த்துத் தைத்துவிடலாம், வாய்க்காலில் தள்ளலாம். வாங்கிக்கொள்கிறவர் சிரிக்க வேண்டும். கோபப்பட்டால் அவமானம் அவருக்குத்தான். ஆயிரம் வருஷ மரியாதைக்கு நடுவில் பெரியவர்கள் இப்படி ஒரு சின்னக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். நல்ல புத்திசாலிகள்.

ஏப்ரல் 9

நீல வெல்வெட், பொன் சரிகை. என் ஆயுசில் இவ்வளவு அழகாக ஓர் அங்கி தைத்ததில்லை. வலது கையை மட்டும் ஒரு சாண் நீளமாக வெட்டினேன்.

அளவு தெரியாமல் இல்லை.

ஏப்ரல் 14

தொட்டில் விழாவில் நடந்ததை எழுதிவிட வேண்டும்.

ஆட்டுத் தலையை வழக்கப்படி சம்பந்தி முன்னால் வைத்தேன். காதை அறுத்துச் சின்னவர்களுக்குக் கொடுத்து, வாழ்த்துச் சொன்னார். அங்கியைப் போர்த்தினேன். எல்லாரும் ஆகா என்றார்கள். பிறகு பக்கத்து வீட்டு குல்பாஷைப் பார்த்துக் கண்ணடித்தேன். அவளுக்கு அது போதும், கூட்டத்தையே கிளப்பிவிடுவாள்.

"என்ன சம்பந்தி, ஊருக்கெல்லாம் பைக் ரிப்பேர் பண்றீங்களே, ஓட்டத் தெரியுமா? இல்ல வாயாலதான் ஓட்டுவீங்களா?"

"நானா? நான் ஓட்டினா நீ பின்னால உக்காருவியா?"

"முதல்ல நீங்க விழாம போய்ட்டு வாங்க, அப்புறம் பொண்ணு பாக்கலாம்!"

பெண்கள் எல்லாரும் கையைப் பிடித்து இழுத்துத் தெருவுக்குக் கொண்டுபோனார்கள். வண்டியை இறக்கத்தைப் பார்த்து நான்தான் நிறுத்தி வைத்திருந்தேன். அவர் ஏறி உட்கார்ந்து, அங்கியின் கையை உதறிவிட்டு, ராஜா மாதிரி எங்களைத் திரும்பிப் பார்த்தார். குல்பாஷ் பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளினாள்.

சும்மா உருண்டுகொண்டிருந்த வண்டி திடீரென்று சீறியது. வெல்வெட் ஆக்சிலேட்டரில் சுருண்டுவிட்டது. அவர் பிரேக்கைப் பிடித்தது எனக்குத் தெரிந்தது, இரண்டு கை முட்டிகளும் வெளுத்தன. வண்டி கேட்கவில்லை. சின்னக் குழந்தைகள் இரண்டு தெருவைத் தாண்டி ஓடின — அதை நான் யோசிக்கவே இல்லையே, குழந்தைகளை யோசிக்கவே இல்லையே நான் — அவர் ஹேண்டிலை ஒடித்துத் தெருவோர வாய்க்காலில் விழுந்தார். பனி உருகி வரும் தண்ணீர்.

எல்லாரும் கைதட்டினார்கள். வழக்கம்தானே, சம்பந்தியை வாய்க்காலில் தள்ளுவது. அவரும் எழுந்து சிரித்தார். துண்டோடு முதலில் ஓடியது நான்தான். அவர் முகம் சுண்ணாம்பாக இருந்தது.

"சம்பந்தியம்மா, நான் பிரேக் புடிச்சேன். ரெண்டு கையாலயும் புடிச்சேன்" என்றார் எனக்கு மட்டும் கேட்கும்படி.

ஜனவரியிலிருந்து இந்தச் சொல்லுக்காகத்தான் காத்திருந்தேன். இனித்ததா? இனித்தது. பொய் எழுத மாட்டேன்.

ஏப்ரல் 15

வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. யாரும் யாரையும் குறை சொல்லவில்லை.

ஏப்ரல் 17

பல்ஜான் துணிமணிகளைப் பையில் வைத்தாள்.

"அப்பாவுக்குக் கை சரியாகுற வரைக்கும் அங்க இருக்கேன் அத்தை."

"குழந்தை?"

"குழந்தையும்தான்." வாசலில் நின்று திரும்பினாள். "நீங்க இதுவரைக்கும் யாருக்கும் அளவு தப்பா தச்சதில்ல."

குவானிஷ் ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு தெரு முனை வரை அவளோடு போனான். திரும்பி வந்தவன் கதவைச் சாத்திக்கொண்டான். தொட்டில் காலியாக இருக்கிறது.

பழி வாங்கினேனே, வாங்கி எங்கே வைப்பது? ஆனால் வருத்தமா என்றால் — அந்தக் குழந்தைகள் ஓடியதற்குத்தான் வருத்தம். அவருக்காக இல்லை. இன்னும் இல்லை.

ஏப்ரல் 23

போனேன். கடை திறந்திருந்தது, வேலை ஓடவில்லை. கட்டுப்போட்ட கையோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். டீ ஊற்ற எழுந்தார், நான் வாங்கி ஊற்றினேன்.

"கை நீளமா தச்சது வேணும்னுதான்" என்றேன்.

"போட்டுக்கிட்டவனுக்குத் தெரியாதா சம்பந்தியம்மா?"

"தெரிஞ்சுமா ஏறினீங்க?"

"கேலிக்கு பயந்தவன்னு பேரெடுக்கச் சொல்றீங்களா? அதோட..." வண்டிகளைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன். பிரேக்கு இருக்கேன்னு."

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

"உங்க கைய ஒடிச்சுட்டேன். என் கைய எடுத்துக்குங்க. நீங்க சொல்லச் சொல்ல நான் வேலை செய்யறேன். ஆனா வெட்டின ஒயரையெல்லாம் திருப்பிச் சேர்க்கணும்."

"ஊரே திட்டும்."

"திட்டட்டும்."

மே 19

ஊசி பிடித்த கைக்கு ஒயர் ஒன்றும் பெரிய விஷயமில்லை. அவர் கண் முன்னாலேயே ஒவ்வொன்றாகச் சேர்க்கிறேன். சேர்த்து முடித்ததும் சக்கரத்தைச் சுழல விட்டு, "பிடிங்க சம்பந்தி" என்பேன். இடது கையால் பிரேக்கைப் பிடிப்பார். மோட்டார் சத்தமில்லாமல் அடங்கும். ஒவ்வொரு தடவையும் அவரையே பிடிக்க வைக்கிறேன். இதிலும் ஒரு ருசி இருக்கிறது, மறுக்க மாட்டேன்.

பாதி ஆட்கள் கீழ்த்தெருக் கடைக்கு மாறிவிட்டார்கள். அங்கே கண் மூடித் திறப்பதற்குள் வெட்டிக் கொடுக்கிறார்களாம்.

பல்ஜான் குழந்தையோடு நேற்று வீட்டுக்கு வந்துவிட்டாள். நீலக் கண்ணாடி டம்ளரில் எனக்குத்தான் முதலில் டீ கொடுத்தாள்.

ஜூன் 8

தலந்த்பெக் என்று ஒருவன், எல்லை தாண்டி, ஓஷ் ஊர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவன். போன வாரம் நான் ஒயர் சேர்த்துக் கொடுத்த வண்டி. பின்பக்கம் நசுங்கியிருந்தது.

"அம்மா, மேட்டு சிக்னல்ல பிரேக்க விட்டேன், மோட்டார் புடிக்கிறதுக்குள்ள பின்னால உருண்டு கார்ல இடிச்சுட்டேன். முதுகுல சாப்பாட்டுப் பொட்டி வேற. இன்னைக்கு வெட்டிக் குடுங்க. நீங்க வெட்டலன்னா கீழ்த்தெருவுக்குப் போறேன்."

"வெட்ட மாட்டேன். உனக்கு என் மகனைக் காட்டவா?"

"உங்க மகன் கீழ போகும்போது விழுந்தார். நான் மேல போகும்போது விழுறேன். எனக்கு என்ன செய்யச் சொல்றீங்க?"

சம்பந்தியைப் பார்த்தேன். 'பாத்தீங்களா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் டீயை முகத்தில் ஊற்றியிருப்பேன். சொல்லவில்லை. தலை குனிந்துகொண்டார்.

"ரெண்டு பிடிக்கும் தனித்தனி ஒயர்தானே?" என்றேன்.

"தனித்தனிதான்."

"அப்ப மேட்டுல நிக்க ஒரு பிரேக் போதும். இடது கையில பிரேக், வலது கையில ஆக்சிலேட்டர். இடதை மட்டும் வெட்டினா? வலது பிரேக்கைத் தொட்டா மோட்டார் நின்னுடுமே?"

வலது பிடியைத் தொட்டுப் பார்த்தார். "நின்னுடும்."

"பிறகு ஏன் ரெண்டையும் வெட்டினீங்க?"

"ரெண்டும் சேர்ந்து போற இடம் ஒண்ணு இருக்கு. அங்க வெட்டினா ஒரே வெட்டு." குரல் இறங்கிவிட்டது. "சுலபமா இருந்துச்சு."

சுலபம்! அடக்கி வைத்ததையெல்லாம் கத்தித் தீர்த்திருப்பேன். ஆனால் அந்தப் பையன் நின்றுகொண்டிருந்தானே, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு. நான் கத்தி முடிப்பதற்குள் கீழ்த்தெருவுக்குப் போயிருப்பான்.

கட்டிங் பிளேயரை எடுத்தேன். இடது ஒயரைப் பிரித்துப் பிடித்து நானே வெட்டினேன். வலதை விட்டுவைத்தேன். வெட்டும்போது அந்தச் சத்தம் எவ்வளவு சின்னது! நூல் அறுபடுவது போலத்தான் இருந்தது.

சக்கரத்தைச் சுழல விட்டு வலது பிடியைத் திரும்பத் திரும்பப் பிடித்துப் பார்த்தேன். நின்றது. எல்லாத் தடவையும் நின்றது. ஆனாலும் அவன் கிளம்பும்போது ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டேன்.

"அவசரத்துல ரெண்டு கையாலயும் புடிக்கணும், தெரிஞ்சுதா? இடது பிரேக்கை மட்டும் புடிச்சா மோட்டார் நிக்காது. உங்கம்மா பேரென்ன?"

"எதுக்கும்மா?"

"சொல்லுடா."

"அனார்கான்."

அவள் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டேன். நாளைக் காலையில் கூப்பிட வேண்டும். உன் மகன் வண்டியில் ஒரு ஒயரை வெட்டினது நான்தான், தையற்காரி தோர்கின், என்று சொல்ல வேண்டும். தெருவின் பெயர், வீட்டு எண் எல்லாம் சொல்லிவிட வேண்டும். அவனுக்கு ஏதாவது ஒன்று ஆனால், யாரைத் தேடுவது என்று அவள் அலையக் கூடாது.