பழைய வைஃபையையே தேடுகிற பெட்டி

செப்ரெம்பர் 3, புதன்

சோளகக் காற்று. முற்றம் முழுக்க மணல்.

அதுதான் அந்தோனியாரே, நான் உம்மிடம் கேட்பது பெரிய புதுமை ஒன்றும் இல்லை. ரீவி வேலை செய்யவேண்டும், அவ்வளவுதான். திங்கட்கிழமை காலை ஒருதரம் வேலை செய்தால் போதும். அதற்குப் பிறகு எரிந்துபோனாலும் வாய் திறக்கமாட்டேன்.

உமக்குத் தெரியாததா. எட்டாந் திகதி மாதாவின் பிறந்தநாள். அன்றைக்கு என் மகள் யசிந்தா திருச்சி மடத்தில் கன்னியாஸ்திரியாக முதல் வார்த்தைப்பாடு கொடுக்கிறாள். அவள் தகப்பன் இவரை விட்டுவிட்டு நான் போக முடியாது, இவரைக் கொண்டுபோகவும் முடியாது. பூசையை மடத்தார் நேரடியாக இன்ரநெற்றில் போடுகிறார்கள். பழைய கொம்பனியின் லைன் மழைக்கும் நிற்கும், காற்றுக்கும் நிற்கும். அந்த நேரம் பார்த்து நின்றால் என்ன செய்வது என்று நான்தான் புதுக் கொம்பனிக்கு மாறினேன். ஒருவரும் சொல்லவில்லை. நானே யோசித்து, நானே கையெழுத்து வைத்து.

பழைய றவுட்டரை முந்தநாள் வந்து கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இன்று புதியது பூட்டினார்கள். போனில் வைஃபை பளிச்சென்று வருகிறது. ரீவியில் இல்லை. ரீவிக்குப் பின்னால் செருகியிருக்கிற சின்னக் கறுத்தப் பெட்டிதான் இன்ரநெற்றை உள்ளே எடுப்பது. அதன் வெளிச்சம் விடாமல் மின்னுகிறது. பூட்ட வந்தவர் பார்த்தார்.

"அது பழைய வைஃபையைத் தேடிக்கொண்டு நிக்குது அம்மா. ரிமோட்டால புதுசைக் காட்டிவிட்டால் சரி," என்றார். ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ரிமோட். அதுதான் இல்லையே.

இவர் கதிரையில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பங்குனியில் பாரிசவாதம் வந்த நாளிலிருந்து வலக்கை, வலக்கால் இல்லை. பேச்சும் போய்விட்டது. "ஓம்", "அது" - இரண்டே சொல் மிச்சம். கண்ணும் மங்கல். போன் திரை அவருக்கு வெறும் வெளிச்சம். பெரிய ரீவியில் என்றால் முகம் தெரியும்.

"அது," என்றார். இடக்கையைத் தூக்கி, எதிர்ச் சுவரில் உம்முடைய சுரூபம் வைத்த கூட்டைக் காட்டினார்.

"ஓமப்பா, செபிக்கிறன்."

மெழுகுதிரி கொளுத்தினேன். பத்துமணி செபமாலை ஒன்று. பெட்டி மின்னிக்கொண்டேதான்.

வாங்க: தேயிலை, மெழுகுதிரி, இவருக்குச் சவரப் பிளேட்.

செப்ரெம்பர் 4, வியாழன்

வெக்கை. மீன்காரன் வரவில்லை. பருப்பு.

கொம்பனிக்குப் போன் எடுத்தேன். பாட்டு, பாட்டு, பிறகும் பாட்டு. கடைசியில் ஒரு பிள்ளை. நல்ல மரியாதை.

"அம்மா, முதலில உங்கட போனில பழைய வைஃபை பேர் நிக்குதா? அதை அமத்திப் பிடிச்சு, மறந்துவிடு எண்டு இருக்கிறதை அமத்துங்கோ."

அமத்தினேன்.

"இனி ரீவிப் பெட்டியின்ர ரிமோட்டை எடுங்கோ."

"ரிமோட் இல்லைப் பிள்ளை."

"ரிமோட் இல்லாமல் இவ்வளவு நாளும் எப்பிடிப் பாத்தனீங்கள்?"

சொன்னேன். அப்பாவுக்கு வருத்தம் என்று கேட்டு, உயிர்த்த ஞாயிறு கழிந்து யசிந்தாவை மடத்தார் ஒரு கிழமை அனுப்பினார்கள். அவள்தான் ரிமோட்டைத் தேடிப் பார்த்துவிட்டு, "விடுங்கோ அம்மா" என்று போனுக்குள்ளேயே ரிமோட் மாதிரி ஒன்றை ஏற்றித் தந்தவள். வைஃபைக்குப் பெயரும் பாஸ்வேர்ட்டும் போட்டவளும் அவள்தான், மடத்துக்குப் போக முன்னம். மகள் மடத்தில் சேர்ந்தது, தகப்பன் ஆஸ்பத்திரியில் கிடந்தது, எல்லாம் சொன்னேன். அந்தப் பிள்ளை பொறுமையாகக் கேட்டது. பிறகு சொன்னது, போனும் பெட்டியும் ஒரே வைஃபையில் நின்றால்தான் போன் ரிமோட் வேலை செய்யுமாம். இப்போது போன் புதியதில், பெட்டி பழையதில். ஒன்றையொன்று காணாது.

"அப்ப ரெண்டையும் ஒண்டாக்க என்ன வழி பிள்ளை?"

"ரிமோட் வேணும் அம்மா."

சுற்றிச் சுற்றி அதே இடம்.

ரிமோட் தேடிய இடங்கள்: செற்றியின் இடுக்கு. கட்டிலுக்குக் கீழ். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பை. அரிசிச் சாக்கு (ஏன் என்று எனக்கே தெரியாது). குசினி றாக்கை. அலுமாரி, சீலைக்குச் சீலை உதறி. கோழிக்கூடு.

காணாமற்போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் என்றுதானே உம்மை ஊரெல்லாம் கும்பிடுகிறது. என் வீட்டுக்குள் இருந்துகொண்டு என்ன செய்கிறீர்?

பின்னேரம் ஞானம் மச்சாள் வந்தா. இவரின் தமக்கை, அடுத்த வளவு. வந்ததும் மூக்கில் விரல்.

"என்னடி, தவக்காலம் மாதிரிக் கிடக்குது வீடு. ரீவியும் இல்லை, சத்தமும் இல்லை."

"ரீவி வேலை செய்யேல்லை மச்சாள்."

"நல்லா இருந்த லைனை ஆர் மாத்தச் சொன்னது? உனக்குச் சும்மா இருக்க ஏலாது."

இவர் மறுபடியும் கையைத் தூக்கிக் கூட்டைக் காட்டினார். மச்சாளுக்கு முன்னாலேயே முழந்தாளில் நின்றேன்.

செப்ரெம்பர் 5, வெள்ளி

பேருந்தில் புதுக்குடியிருப்பு. இவரை மச்சாளிடம் விட்டுவிட்டு. இருக்க இடம் இல்லை, முழுக்க நின்றபடி.

சீலனின் போன் கடை. நல்ல மனிதன், ஆனால் கதைக்கும்போது முகத்தைப் பார்க்கமாட்டான், கையில் எப்போதும் யாருடையதோ உடைந்த போன்.

"இந்த மொடல் ரிமோட் இஞ்ச இல்லை அக்கா. கொழும்பில இருந்து எடுக்கவேணும். அடுத்த கிழமை வரும்."

"அடுத்த கிழமை எனக்கு என்னத்துக்குத் தம்பி?"

வேறு பெட்டியும் அப்படித்தான். போனிலிருந்து ரீவிக்கு வயர் கொடுக்கலாமா என்றேன். என் போன் அந்த வகை இல்லையாம். அழுகை வந்தது. கடையில் ஆட்கள், அதனால் மூக்கைத் துடைப்பது மாதிரி.

அப்போதுதான் அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"ஒரு வழி இருக்கு அக்கா. பெட்டி பழைய வைஃபையைத்தானே தேடுது? புது றவுட்டருக்குப் பழைய பேரையும் பழைய பாஸ்வேர்ட்டையும் வையுங்கோ. பெட்டி வந்து தானாக் கொழுவும். அதுக்குக் கொம்பனி மாறினது தெரியவே தெரியாது."

அந்தச் சொல்லுக்கு நான் அவன் காலில் விழுந்திருப்பேன். பெயர் எனக்குத் தெரியும், யசிந்தா தன் பெயரைத்தான் வைத்தவள். பாஸ்வேர்ட்?

"உங்கட போனில பதிஞ்சிருக்கும். தாங்கோ பாப்பம்." பார்த்தான். "அழிச்சுப்போட்டீங்களே அக்கா."

நேற்று அமத்தினேனே. மறந்துவிடு.

றவுட்டரில் மாற்றுவது எப்படி என்று காட்டித் தந்தான். இரண்டுதரம் காட்டச் சொன்னேன். வரும் வழியில் மாதாவுக்கு நேர்த்தி வைத்தேன், எந்த மாதாவுக்கு என்று சொல்லாமல். யார் முதலில் கேட்கிறாவோ அவாவுக்கு.

செப்ரெம்பர் 6, சனி

மப்பு. மழை இல்லை.

மகளைக் கேட்டால் ஒரு நிமிட வேலை. ஆனால் வார்த்தைப்பாட்டுக்கு முன் தியானம், முழு மௌனம், போன் கிடையாது. இருந்தும் மடத்துக்கு எடுத்தேன். கதவடியில் இருக்கிற சகோதரி, பேச்சு இந்தியாத் தமிழ்.

"அவங்க மௌனத்துல இருக்காங்கம்மா. ரொம்ப அவசரமா? அப்பாவுக்கு ஏதாவது..?"

நாக்கு நுனியில் நின்றது. கடவுளோடு தனிமையில் இருக்கிற பிள்ளையிடம் ரீவிக்குப் பாஸ்வேர்ட் கேட்பதா? அதுவும் அப்பாவுக்கு ஏதோ என்று அவள் நெஞ்சு இடிந்து ஓடி வந்தால்?

"இல்லை சிஸ்ரர். சும்மா. சுகமோ எண்டு கேக்கத்தான்."

"நல்லா இருக்காங்கம்மா."

வைத்துவிட்டேன். வைத்த பிறகு என்னை நானே ஏசினேன், எழுதக்கூடாத சொற்களால்.

பிறகு நானே போட்டுப் பார்த்தவை: மகளின் பெயரும் பிறந்த வருசமும். இவர் பெயர். என் பெயர். எங்கள் வள்ளத்தின் பெயர். வள்ளத்தின் இலக்கம். பங்குக் கோயில். செத்துப்போன நாய் பிறவுணி. உம்முடைய பெயர், சின்ன எழுத்தில், பெரிய எழுத்தில். ஒவ்வொன்றும் மாற்றி, றவுட்டர் செத்து உயிர்த்து வரும்வரை பார்த்துக்கொண்டு, ஓடிப்போய் ரீவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்து. மின்னுகிறது. மின்னுகிறது.

இவர் "அது, அது" என்று கொண்டே இருந்தார். ஒருதரம் சத்தமாக. கூட்டைக் காட்டியபடி.

"செபிச்சுக்கொண்டுதானே இருக்கிறன். இன்னும் எவ்வளவு செபிக்க?"

முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணோரம் தண்ணீர். வாதம் வந்தபோதுகூட இந்த மனிதன் அழவில்லை.

செப்ரெம்பர் 7, ஞாயிறு

முதற்பூசைக்குப் போனேன். பிரசங்கம் ஒன்றும் காதில் ஏறவில்லை. எல்லோரும் கையைப் பிடித்து, "நாளைக்கு மகளுக்கு விசேசம், கொடுத்து வைச்சனீங்கள்." ஓம், ஓம் என்றேன்.

மச்சாள் ஒரு வழி சொன்னா. "ரீச்சர் வீட்டில பெரிய ரீவி இருக்குது. நாலு பேர் பிடிச்சு இவனைத் தூக்கிக்கொண்டு போவம்."

இவரிடம் கேட்டோம். தலையை ஆட்டினார், இல்லை என்று. வாய் கோணி எச்சில் வடிகிற முகத்தோடு கேற்றைத் தாண்டமாட்டார். கோயிலுக்கே வருவதில்லை. கடலில் இருபது பேருக்குச் சத்தம் போட்டு வலை இழுப்பித்த மனிதன்.

"ரீச்சர் ஒண்டும் நினைக்கமாட்டா அப்பா."

இல்லை.

"அப்ப போனில நான் பாத்துப் பாத்துச் சொல்லுறன். யசிந்தா இப்ப நடக்கிறாள், இப்ப முழந்தாளில நிக்கிறாள் எண்டு."

என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். குழம்பு அடிப்பிடித்தது.

அந்தோனியாரே, நான் பிள்ளையைத் தந்துவிட்டேன். ஒரே பிள்ளை. முனகவில்லை, கணக்குக் கேட்கவில்லை. தகப்பன் அவள் முகத்தை ஒருதரம் பார்க்கட்டும் என்றுதானே கேட்கிறேன். அதுவும் நான் செய்த வேலையால் கெட்டதென்றால், நான் எந்த முகத்தோடு இவருக்குச் சோறு தீத்துவது?

செப்ரெம்பர் 8, திங்கள்

விடியவே எழும்பினேன். நல்ல வெளிச்சம். காற்று அடங்கிக் கிடக்கிறது.

இவரைக் குளிப்பாட்டி, சவரம் செய்து, கலியாண வீட்டுக்குப் போடுகிற வெள்ளைச் சேட் போட்டுவிட்டேன். கதிரையை ரீவிக்கு நேரே இழுத்து வைக்கச் சொல்லிக் கையால் காட்டினார். கறுத்துக் கிடக்கிற ரீவிக்கு நேரே. வைத்தேன்.

பூசைக்கு இன்னும் நேரம் இருக்கிறது. போனில் மடத்துக் கோயில் தெரிகிறது. பூ வைக்கிறார்கள். போனை அவர் முகத்துக்குக் கிட்டப் பிடித்தேன். தட்டிவிட்டார். பிறகு கை மேலே. கூடு.

"ஓமப்பா. இந்தா, செபிக்கிறன்."

மச்சாள் நல்ல சீலை கட்டிக்கொண்டு வாசலில். பார்த்துக்கொண்டு நின்றவா சொன்னா:

"அடி விசரி, உன்ர மனுசன் எப்பவடி உன்னைச் செபிக்கச் சொன்னவன்? பூசைக்குப் போடா எண்டால் வலை பின்னவேணும் எண்டுறவன். அவன் வேற என்னவோ சொல்லுறான்."

உண்மைதான். முப்பது வருசத்தில் ஒருநாளும் சொன்னதில்லை. நான் இருந்துவிட்டேன், இந்தக் கொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு. எழுதினால்தான் எனக்கு மண்டை ஓடும். இவர் என்னை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கை கூட்டுக்கு நேரே இல்லை. கொஞ்சம் கீழே. இவ்வளவு நாளும் கீழேயா காட்டினார்? உம்முடைய காலுக்குக் கீழே, கூட்டின் அடியில் இழுத்துத் திறக்கிற லாச்சி. அதற்குள் என்ன இருக்கிறது, தவக்காலத்தின் கடைசிக் கிழமைகளில் சுரூபத்தை மூடுகிற ஊதாச் சீலை. வருசத்துக்கு ஒருதரம்தான் திறக்கிறது. இந்த முறை வாதம் வந்த பரபரப்பில் உம்மை மூடவும் இல்லை, அந்தச் சீலையை எடுக்கவும் இல்லை.

விபூதிப் புதன், தவக்காலம் தொடங்கின நாள். உயிர்த்த ஞாயிறு வரைக்கும் ரீவி இல்லை என்று ஒறுத்தல் எடுத்து, ரிமோட்டை அந்தச் சீலைக்குள் சுற்றி லாச்சிக்குள் வைத்துப் பூட்டினது நான்தான். இவர் அப்போதும் இதே கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்.