டிராயரில் கிடந்த விண்ணப்பம்

1999 நவம்பர் 3
எங்கள் ஹெட்மிஸ்ட்ரெஸ் மௌரீன் மேடம் கூப்பிட்டு ஒரு விண்ணப்பத்தை நீட்டினார். பத்தாம் வகுப்பு ஆஞ்சலாவுக்கு எழுத்துக்கூட்டி எழுதவும் படிக்கவும் வராதது பிறவியிலேயே உள்ள சிக்கலாம். டாக்டர் சர்டிபிகேட்டும் இருக்கிறது. ஒரு மொழிப் பாடத்தை அவள் விட்டுவிடலாம். இங்கிலீஷை விட முடியாது. கன்னடம் இல்லாமல் இந்த பெங்களூரில் பிழைக்க முடியாது. ஆக, போவது தமிழ்!

"தமிழ் டீச்சர் நீங்க சைன் பண்ணணும், பெருமாள்சாமி சார். மாசக் கடைசிக்குள்ள."

பொதுத்தேர்வில் தமிழ் எழுதப் பத்துப் பேர் இல்லையென்றால் அடுத்த வருஷம் தமிழ்ப் பிரிவே கிடையாது என்று நிர்வாகம் ஜூனிலேயே சொல்லிவிட்டது. இருப்பது சரியாகப் பத்து. நான் கையெழுத்துப் போட்டால் ஒன்பது. என் பிழைப்பில் நானே மண்ணைப் போட்டுக்கொள்ளணுமா? டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

நவம்பர் 5
அந்தப் பெண்ணுக்கா சிக்கல்? 'எங்கள் தெரு' பற்றி வாயால் சொல்லச் சொன்னேன் – மர்பி டவுன் குழாயடிச் சண்டையை அப்படியே நடித்துக் காட்டினாள். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர். எழுதச் சொன்னால் மட்டும் நாலு வரியில் பதினாறு தப்பு. சுத்த சோம்பேறித்தனம். ஒரு மாசம் போதும், நிமிர்த்திவிடுவேன். தீபாவளி லீவு முடிந்ததும் தினமும் மதிய இடைவேளையில் உட்கார வைத்து எழுத வைக்கப் போகிறேன்.

நவம்பர் 12
"சார், ஃபார்ம்ல மேடம் சைன் பண்ணிட்டாங்களா?" என்று ஆஞ்சலா கேட்டாள். இன்னும் மேடம்கிட்டதான் இருக்கு என்றேன். வாய் கூசவே இல்லை.

நவம்பர் 18
ஒரே பத்தியை ஆறு தடவை எழுதினாள். ஆறும் ஆறு விதமான தப்பு. வேண்டுமென்று செய்கிறவள் ஒரே தப்பையல்லவா திருப்பித் திருப்பிச் செய்வாள்? அது புரிந்தும் கத்தினேன். "என்னைக்குத்தான் வரும் உனக்கு?" – "தெரியல சார்." பேனா பிடித்த விரல் கன்றிப்போயிருந்தது. சே, என்ன மனுஷன் நான்!

நவம்பர் 19
இன்றும் கேட்டாள். இன்றும் அதே பொய்.

நவம்பர் 26
ஆஞ்சலாவின் அம்மா வந்தார். அல்சூரில் தையல் வேலை செய்கிறவர். "ரெண்டு வாரமா சாப்பாட்டு டப்பா அப்படியே திரும்பி வருது சார். கணக்குல எழுபது வாங்குற புள்ள, இப்ப எந்தப் புஸ்தகத்தையும் தொட மாட்டேங்குது. பத்தாவதுல ஃபெயிலாயிட்டா என்ன சார் பண்ணுவேன்?"

டிராயர் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு தலையாட்டினேன். வீட்டுக்கு வந்தும் சோறு இறங்கவில்லை. யாருக்காக இந்தப் பிடிவாதம்? தமிழுக்காகவா? அடப் போய்யா, உன் நாற்காலிக்காக!

நவம்பர் 29
கையெழுத்துப் போட்டுவிட்டேன். போனால் போகட்டும். மேடம் தேதியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டார்.

2000 ஏப்ரல் 10
தமிழ்ப் பிரிவு மூடியாச்சு. ஜூனிலிருந்து எனக்கு மூன்றாம் வகுப்பு. இருபது வருஷ சர்வீஸ்! எரிச்சலாக வருகிறது.

மே 19
ஆஞ்சலா பாஸ். ஐம்பத்தெட்டு சதவீதம்! ஸ்வீட் பாக்ஸோடு ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். நான் மட்டும்தான் இருந்தேன். "உங்களாலதான் சார்" என்றாள். அதைத் தாங்க முடியவில்லை.

"ஃபார்ம் மேடம்கிட்ட இல்லம்மா. இருபத்தாறு நாள் என் டிராயர்லதான் இருந்துச்சு. நீ போயிட்டா என் வேலை போயிடும்னு பூட்டி வச்சிருந்தேன்."

திறக்கப் போன பாக்ஸ் மூடியை மறுபடி அழுத்தி மூடினாள்.

"எனக்குத் தமிழ்னா ரொம்பப் பிடிக்கும் சார். அந்த மத்தியான நேரத்துலதான் பிடிக்காமப் போச்சு."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. பாக்ஸைத் திறந்து என் பக்கம் நீட்டினாள். ஒன்று எடுத்துக்கொண்டேன்.