குடில் கூரையில் வேப்பங்கொத்து

ஆட்டுக்குப் போடுவதற்காக மகள் இன்று மத்தியானம் வேப்பங்கிளை ஒன்றை முறித்துக்கொண்டு வந்தாள். நான் கோவிலுக்குள் கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தேன். அந்தப் பச்சை வாடை உள்ளே வந்தது. வைக்கோலை அப்படியே போட்டுவிட்டு மண்தரையில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா, உங்கள் நினைப்பு வந்துவிட்டது.

நீங்கள் உயிரோடு இருந்தவரை உங்களை நான் அக்கா என்று கூப்பிட்டதே இல்லை. ஊரே மருத்துவச்சி என்றது, நானும் அப்படியே சொன்னேன். என் பிள்ளைகள் ஐந்து பேரும் உங்கள் கையில்தான் விழுந்தார்கள். உங்களுக்கு எழுத்து தெரியாது என்பதும், இதைக் கொண்டுபோய்க் கொடுக்க இனி இடம் இல்லை என்பதும் தெரிந்துதான் எழுதுகிறேன். வேறு யாரிடம் போய் இதைச் சொல்வது?

வேதபாடம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் பெண்சாதி என்று இந்த ஊருக்கு வந்து இருபத்தாறு வருடம். இருபத்தாறு குடில் கட்டியாகிவிட்டது. சுண்ணாம்பு அடிப்பது, மண் குழைப்பது, மூங்கில் பிளப்பது, பாட்டுக்குப் பிள்ளைகளைச் சேர்ப்பது எல்லாம் என் தலையில்தான். சண்டைக்காலத்தில் மண்ணெண்ணெய்கூட ரேஷன் சீட்டுக்குத்தான். இந்த வருடம் குடிலுக்குள் ஒரே ஒரு அகல்தான் எரியப்போகிறது. மாதா பொம்மைக்கு மூக்கு உடைந்து மூன்று வருடமாகிறது, கழுதைக்கு ஒரு காது இல்லை. பெரியவன் பர்மாப் பக்கம் பட்டாளத்தில் இருக்கிறான், கடிதம் வந்து எட்டு மாதம் ஆகிவிட்டது. என்ன பண்டிகை, யாருக்குப் பண்டிகை என்று இருக்கிறது. சலிப்பு என்றால் அப்படி ஒரு சலிப்பு.

கடைசிப் பிள்ளை பிறப்பதற்கு முந்தின அந்த வருடம் இப்படி இல்லை. குயவர் புதிதாகப் பொம்மைகள் செய்து கொடுத்திருந்தார். சேலத்திலிருந்து சாமியாரே வந்து பூசை வைக்கப்போகிறார் என்று ஊரே நின்ற இடத்தில் நிற்கவில்லை. திருநாள் விடியற்காலையில் பாலன் பொம்மையைத் தொட்டிலில் வைத்துவிட்டு, காப்பி போடலாம் என்று வீட்டுக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் குடிலின் முன்னால் நீங்கள் நிற்கிறீர்கள். கூரை ஓரத்து இறவாணத்தில் இரண்டு பக்கமும் வேப்பங்கொத்து செருகியிருக்கிறது. பாலன் தலைமாட்டில் ஒரு துண்டு வசம்பு.

பிள்ளை பெற்ற வீட்டுக்குச் செய்கிறதைச் செய்திருந்தீர்கள். நம் பக்கத்தில் இறவாணத்தில் வேப்பிலையைக் கண்டால் உள்ளே பச்சைப் பிள்ளை இருக்கிறது, தீட்டு இருக்கிறது என்று எல்லோரும் ஒதுங்கிப் போவார்கள். அது எனக்கும் தெரியும். தெரிந்ததனால்தான் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வெளியே நாற்பது ஐம்பது பேர் நிற்கிறார்கள், சாமியார் வண்டி ஏரிக்கரையில் வந்துகொண்டிருக்கிறது.

"ஏ மருத்துவச்சி, என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கறே?"

"புள்ள பொறந்த ஊடுங்களே அம்மிணி. ஆரும் செருவாம இருந்துது. அதான் நானே செருவுனேனுங்க."

"இது சாமி பொறந்த எடம். இங்க என்ன தீட்டு?"

கொத்தைப் பிடுங்கி வெளியே எறிந்தேன். ஓர் இலை மாதாவின் மடியில் விழுந்தது, அதையும் பொறுக்கி எறிந்தேன். நீங்கள் கோபப்படவில்லை. வசம்பை மட்டும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டீர்கள். பிறகு, நிஜமாகவே தெரியாமல் கேட்கிறவர் மாதிரி கேட்டீர்கள்.

"அப்ப நெசமாலுமே பொறக்கலீங்களா அம்மிணி?"

வேதபாடம் முழுக்க மனப்பாடம் எனக்கு. கடவுள் மனிதரானார் என்று வருடா வருடம் என் வீட்டுக்காரர் பிரசங்கம் வைப்பதை முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டவள் நான். நீங்கள் இன்னொன்றும் கேட்டீர்கள்: "மாட்டுக் கொட்டாயில பெத்தாங்கன்னு பாட்டுல வருதுங்களே, தொப்புக்கொடி அறுத்தது ஆருங்க?" அதெல்லாம் கேட்கக்கூடாது, போ என்றேன். நீங்கள் போய்விட்டீர்கள். குடில் ரொம்ப சுத்தமாக இருக்கிறது என்று சாமியார் பாராட்டினார்.

அடுத்த ஆடியில் கடைசிப் பிள்ளை. காற்று ஓலையைப் பிய்த்துக்கொண்டு போகிற ஒரு பகலில் எனக்கு வலி கண்டது. நீங்கள் வரமாட்டீர்கள் என்றே நினைத்தேன். ஆள் சொன்ன மாத்திரத்தில் கொல்லைக்காட்டில் களைவெட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்தீர்கள். பிள்ளை விழுந்தது, அழவில்லை. நீலமாகக் கிடந்ததை நானே பார்த்தேன். நீங்கள் அதன் வாயில் விரலை விட்டு வழித்துப் போட்டுவிட்டு, வாயோடு வாய் வைத்து ஊதினீர்கள். எத்தனை முறை ஊதினீர்களோ. அவள் அழுத பிறகுதான் நீங்களும் அழுதீர்கள். இன்றைக்கு வேப்பங்கிளை முறித்து வந்தாளே, அவள்தான்.

அப்புறம் பதினாறு நாள் தீட்டு. குடிலில் விழுந்து விழுந்து பாடிய கோவில் பெண்கள் வேலிப்படல் வரைக்கும் வந்தார்கள். "பதினாறு கழியட்டுமுங்க அம்மிணி" என்று அங்கிருந்தே சொல்லிவிட்டுப் போனார்கள். என் வீட்டுக்காரரும் கோவிலிலேயே படுத்துக்கொண்டார். ஞானஸ்நானம் வாங்கி என்ன, தீட்டு எங்களை விட்டுப் போகவில்லை. உள்ளே வந்தது நீங்கள் ஒருவர்தான். வெந்நீர் ஊற்றி, துணி அலசி, பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினீர்கள். ஒரு நாள் எண்ணெய் தேய்த்துக்கொண்டே சொன்னீர்கள்: "பொறக்கற புள்ளைய மொதல்ல தொடறது பெத்தவளுங்கூட இல்லீங்க அம்மிணி. எங்க கைதான்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தக் கொட்டகையிலும் யாரோ ஒருத்தி குனிந்து கை நீட்டியிருப்பாள். மாதாவுக்கு நோவே இல்லை என்று வேதபாடம் சொல்லும், இருக்கட்டும். பச்சைப் பிள்ளையை யாராவது வாங்கித் துடைக்கத்தானே வேண்டும். பரலோகத்தில் சுத்தமாக இருந்தவர் அதைவிட்டு வந்ததே ஈரமும் ரத்தமுமாக அந்தக் கைக்குள் விழத்தான். யாரும் நுழையாத வீட்டுக்குள் வந்து பிறந்தவரைத்தான் நாங்கள் சுண்ணாம்பு அடித்து, தீட்டுக் கழித்து, உட்காரவைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தோம். இது என் மரமண்டையில் ஏற எனக்கே ஒரு பிள்ளைப்பேறு வேண்டியிருந்தது.

புரிந்ததை உங்களிடம் சொன்னேனா? இல்லை. அதுதான் அக்கா, என்னால் தாங்க முடியாதது. அதற்குப் பிறகு எந்தத் திருநாளுக்கும் நீங்கள் குடில் பக்கம் வரவில்லை. சாலைப் புளியமரத்தடியில் நிற்பீர்கள். நான் முறுக்கும் அதிரசமும் கொண்டுவந்து கொடுப்பேன். "நல்லா இருங்க அம்மிணி, வாரேன்" என்று போய்விடுவீர்கள். வாங்க, வந்து கொத்து செருகுங்க என்று ஒரு வார்த்தை. நாக்கு நுனி வரைக்கும் வரும். சாமியார் இருக்கிறாரே, ஜனங்கள் பார்க்கிறார்களே, அடுத்த வருடம் ஆகட்டும் என்று விழுங்கிவிடுவேன். அப்படி எத்தனை அடுத்த வருடம். போன வைகாசியில் ஊருக்குள் வாந்திபேதி வந்தது. நான் அப்போது ராசிபுரத்தில் அம்மா வீட்டில். திரும்பி வந்தபோது உங்களை அடக்கம் செய்து மூன்று நாள் ஆகியிருந்தது.

இன்று தரையில் உட்கார்ந்தவள் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை. அழக்கூடத் தெம்பில்லை. பிறகு மகளைக் கூப்பிட்டு அந்தக் கிளையை வாங்கினேன். ஆடு கடித்தது போக மீதியை இரண்டு கொத்தாகக் கட்டினேன். முட்டி வலியோடு முக்காலியில் ஏறி, இறவாணத்தில் நீங்கள் செருகிய அதே இடத்தில் செருகினேன். வசம்பும் வைத்தேன்.

என் வீட்டுக்காரர் வந்து பார்த்தார். "நாளைக்குச் சாமியார் வாராரே. கேட்டா என்ன சொல்லுவே?"

"புள்ள பொறந்த ஊடுன்னு சொல்லுவேனுங்க."

நான் இறங்குவதற்கு அவர் முக்காலியைப் பிடித்துக்கொண்டார். மகள் காரணம் கேட்டாள். நீ பிறந்த கதையைச் சொல்கிறேன், இங்கே உட்கார் என்று முதல் தடவையாக உங்களைப் பற்றி எல்லாம் சொன்னேன், கொத்தைப் பிடுங்கி எறிந்தது உட்பட. அவள் கேட்டுவிட்டு மாதா பொம்மைக்குப் பக்கத்தில் வைக்கோலைக் கொஞ்சம் ஒதுக்கி, ஓர் ஆள் குந்துகிற அளவுக்கு இடம் விட்டாள். அந்த இடம் அப்படியே இருக்கட்டும் என்றேன்.

பெரியவனிடமிருந்து கடிதம் வரவில்லை, விளக்குக்கு எண்ணெய் போதாது, நாளைக்குப் பாட வருகிறவர்கள் இலையைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிடுவார்களோ என்னவோ. நிற்கட்டும். அன்றைக்கு நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்ல எனக்குப் பதினைந்து வருடம் ஆகிவிட்டது.

பிறந்தார் அக்கா. நெசமாலுமே பொறந்தாருங்க.